ஸ்விட்ச் சரி, ரிலே எங்கே?

பொலேரோ பிக்கப் டேஷ்போர்டில் ஃபாக் லைட்டுக்கும் பின்பக்க லோடு லைட்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச் வைப்பது பற்றிய கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் பேனலில் ஓட்டை போடுவதை அவ்வளவு விளக்கியவர், ரிலேவை (ஸ்விட்சிலிருந்து வரும் சின்ன கரண்டில் இயங்கி, லைட்டுக்கான பெரிய கரண்டை விட்டு நிறுத்தும் சாதனம்) ஒரே வரியில் முடித்துவிட்டார். 55 வாட் பல்ப் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை நேராகச் சின்ன ஸ்விட்ச் வழியாக விட்டால் சூடேறி பிளாஸ்டிக் உருகும்.

ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும்: 30-ல் பேட்டரி, 87-ல் லைட், 86-ல் ஸ்விட்ச், 85-ல் எர்த், அவ்வளவுதான். ஐந்து கால் ரிலே கிடைத்தால் நடுவில் இருக்கும் 87ஏ-வைத் தொடாதீர்கள், அதில் லைட்டைக் கொடுத்தால் ஸ்விட்ச் போடாமலேயே எரியும்.

ஃபியூஸ் 15 ஆம்பியர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே. சிலர் அதை டேஷ்போர்டுக்குள் வைக்கிறார்கள். என்ஜின் பக்கம் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் என்ன செய்யும்? தகரத்தைத் துளைத்து ஒயர் வரும் இடத்தில் ஒயர் அறுபடாமல் காக்கும் ரப்பர் வளையமும் (கிரோமெட்) கட்டாயம்.

அப்புறம், ஃபாக் லைட் ஸ்விட்சுக்கு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனை எடுங்கள். லோடு லைட் வண்டி நிற்கும்போதும் தேவைப்படும், அதற்கு பேட்டரியிலிருந்து நேர் லைன்தான். ஆனால் ஆன் செய்தால் சிவப்பாக எரியும் ஸ்விட்சாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் அணைக்க மறந்து பேட்டரி இறங்கி, காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான்.