கடைசி அத்தியாயம் எங்கே சார்?

நல்ல மாயக்கதையைப் படமாக்கப் போகிறார்கள் என்றாலே இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. டோல்கீனின் மாயக்கதை 'தி ஹாபிட்' சின்னப் புத்தகம்தான். படப்பிடிப்பு தள்ளிக்கொண்டே போக, இயக்குநர் கில்லர்மோ டெல் டோரோ 2010இல் விலகினார். அவர் இடத்தில் பீட்டர் ஜாக்சன் அவசர அவசரமாக வந்து உட்கார்ந்தார். சரி, இரண்டு படம் என்றார்கள். 2012இல் அது மூன்றானது! புத்தகத்தில் இல்லாத எல்ஃப் என்ற மாய இனத்துப் பெண், அவளுக்கு ஒரு குள்ளனோடு காதல். யார் கேட்டது?

பிலிப் புல்மனின் மாயக்கதையை எடுத்த 'தி கோல்டன் காம்பஸ்' படம் இன்னும் கொடுமை. இயக்குநர் விலகினார், வேறொருவர் வந்தார், அவரும் போனார், பழையவரே திரும்பினார். என்ன, இசை நாற்காலியா? எடுத்து முடித்த கடைசி அத்தியாயங்களையும் வெட்டி அடுத்த பாகத்துக்கு ஒதுக்கினார்கள். அந்த அடுத்த பாகம்? வரவே இல்லை. மதபீடத்தைக் கேள்வி கேட்கும் கதையில் அதையும் மழுப்பியாயிற்று. மிஞ்சியது கரடிச் சண்டைதான்!