கண் அழுத்தத் துளிமருந்து வடிகாலை அடைக்காது

“குளுக்கோமா துளிமருந்து கண்ணின் வடிகாலை அடைத்துவிடும், நிறுத்திவிட்டுத் தேன் விடுங்கள்” என்று மட்டக்களப்பில் ஒரு வட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. குளுக்கோமா என்பது, பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும் நோய். கல்லடியில் என் பெரியம்மா அந்தச் செய்தியை நம்பி, பத்து நாளாய் தன் குளுக்கோமா துளிமருந்தான லட்டானோபுரொஸ்ட் போத்தலைத் தொடவேயில்லை.

செய்தி பிழை. லட்டானோபுரொஸ்ட், கண்ணுக்குள் இருக்கும் சிலியரித் தசைக் கலங்களிலுள்ள புரொஸ்டாகிளாண்டின் ஏற்பிகளில் சேர்ந்து, தசை இழைகளுக்கு இடையிலுள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. கண்ணுக்குள் ஊறும் நீர் அதனூடே கூடுதலாய் வடிகிறது, அழுத்தம் குறைகிறது.

வடிகாலைக் கெடுக்கக்கூடியது டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் துளிதான். வாரக்கணக்கில் விட்டால் சிலருக்கு அழுத்தம் ஏறும். இரண்டையும் குழப்பியிருக்கிறார்கள். தேனோ கிருமித்தொற்றைக் கொண்டுவரலாம்.

மருந்துப் பெட்டிக்குள் உள்ள தாளைப் படியுங்கள். போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் கேளுங்கள். குளுக்கோமாவில் போன பார்வை திரும்பாது. தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.