"16 பேர் திரும்பி வருகிறார்கள்" என்ற கணக்கை நம்பி ஏமாறாதீர்கள்

ஜூன் மாதம் பிறந்தால் டெக்சஸில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் போடுவார்கள். "இந்த வருஷம் எழுந்து வரப்போகும் பள்ளி ஃபுட்பால் அணிகள்" என்று. போன வருஷம் 3 ஜெயித்து 7 தோற்ற பள்ளி இந்த வருஷம் பிளேஆஃப், அதாவது நாக்அவுட் சுற்றுக்குப் போகும் என்பார்கள். பாதி பலிக்காது. பலிக்காததற்குக் காரணம் துரதிர்ஷ்டம் இல்லை, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காததுதான்.

(ஃபுட்பால் என்று இங்கே சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்தை. நம்ம கால்பந்துக்கு அங்கே சாக்கர் என்று பெயர். டாலஸுக்கு வடக்கே பிரிஸ்கோ, பிளேனோ, ஆலன் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை பேண்ட் வாத்தியத்தில் டிரம்பெட் ஊதுகிறான் என்பதற்காகவே வெள்ளிக்கிழமை ராத்திரி கேலரியில் உட்காருகிற அப்பா அம்மாக்கள் அங்கே நிறைய.)

பட்டியல் போடுகிற எல்லோரும் முதலில் எடுப்பது ஒரே எண்ணைத்தான்: போன வருஷம் முதல் வரிசையில் ஆடியவர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள். 1960ல் இருந்து வரும் டேவ் கேம்ப்பெல் ஃபுட்பால் பத்திரிகையின் கோடை இதழைப் புரட்டினால் ஒவ்வொரு பள்ளிக்கும் இந்த எண் இருக்கும். தாக்குதலில் 11க்கு 8, தடுப்பில் 11க்கு 8, ஆக 22க்கு 16. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் சின்னப் பள்ளிகளில், அதாவது மாணவர் எண்ணிக்கை குறைந்த 3ஏ, 2ஏ பிரிவுகளில், ஒரே பையன் இரண்டு பக்கமும் ஆடுவான். அங்கே 16 என்பது 9 பையன்களாகக்கூட இருக்கலாம். அவர்களில் ஒருவனுக்கு முட்டி போனால் இரண்டு இடம் காலி. அதனால் எண்ணைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை இடம்" என்றில்லை, "எத்தனை ஆள்" என்று. பெரிய பள்ளிகளில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஆள் இருக்கிறார்கள்.

அடுத்தது, எந்த இடம் என்பது. திரும்பி வரும் 8 பேரில் 4 பேர் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் என்றால் நான் பெரிதாக மயங்க மாட்டேன். ஓடத் தெரிந்த பையன் எல்லாப் பள்ளியிலும் கிடைப்பான். கிடைக்காதது முன்னால் நின்று முட்டி வழி திறக்கும் தாக்குதல் வரிசையின் ஐந்து பேர்: நடுவில் சென்டர், அவனுக்கு இரு பக்கமும் கார்ட், வெளியே இரண்டு டேக்கிள். இந்த ஐந்தில் மூன்று பேராவது திரும்பி வந்து, பந்தெறியும் குவார்ட்டர்பேக்கும் பழைய ஆளாக இருந்தால், அந்த அணி முன்னேறும் என்று துணிந்து சொல்லலாம். அந்த மூன்று பேரில் சென்டர் ஒருவன் என்றால் இன்னும் நல்லது. எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து மற்ற நால்வருக்கும் குரல் கொடுப்பது பெரும்பாலும் அவன்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த வேலை இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. சென்டரும் இடது கார்டும் எதிரே நிற்கும் 280 பவுண்டு ஆளை ஒன்றாக முட்டித் தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டே இருவர் கண்ணும் அவனுக்குப் பின்னால் நிற்கும் எதிரணித் தடுப்பாளன் லைன்பேக்கர் மேல் இருக்க வேண்டும். லைன்பேக்கர் எந்தப் பக்கம் பாய்கிறானோ, அந்தப் பக்கத்து ஆள் கழன்று போய் அவனைப் பிடிக்க வேண்டும். மற்றவன் முன்னால் உள்ளவனைத் தனியாகத் தாங்க வேண்டும். இதெல்லாம் ஒன்றரை வினாடிக்குள். புதிதாகச் சேர்ந்த ஜோடி என்ன செய்யும் தெரியுமா? இருவரும் முன்னால் உள்ளவனையே கட்டிக்கொண்டு நிற்பார்கள், லைன்பேக்கர் கேட்பாரின்றி வந்து ஓடுகிறவனை மண்ணைக் கவ்வ வைப்பான். அல்லது ஒருவன் அவசரப்பட்டுச் சீக்கிரம் கழன்றுவிடுவான், முன்னால் நின்றவன் நேரே பின்களத்துக்குள் நுழைந்துவிடுவான். இதைச் சரிசெய்ய பயிற்சியாளர் கத்தினால் மட்டும் போதாது, அந்த இருவரும் ஒரு சீசன் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

இதோடு வயதையும் சேருங்கள். போன வருஷம் பத்தாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேரை வேறு வழியில்லாமல் வரிசையில் நிறுத்திய அணி நன்றாக உதை வாங்கியிருக்கும். 15 வயதுப் பையன் 18 வயதுப் பையனிடம் முட்டினால் வேறென்ன நடக்கும். அந்த மூவரும் இப்போது பதினொன்றாம் வகுப்பு. குளிர்காலம் முழுக்கப் பளு தூக்கி, இருபது பவுண்டு ஏறி வருகிறார்கள். என் கண்ணுக்கு இதைவிட நல்ல அறிகுறி கிடையாது. 3-7 என்ற கணக்கைப் பார்த்து இந்த அணியைத் தள்ளுகிறவர்கள்தான் செப்டம்பரில் முழிப்பார்கள்.

இனி கொஞ்சம் கணக்கு. கைபேசி கால்குலேட்டர் போதும். அணி போட்ட மொத்தப் புள்ளியை அதே எண்ணால் பெருக்குங்கள். வாங்கிய மொத்தப் புள்ளியையும் அப்படியே செய்யுங்கள். முதல் விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி எவ்வளவு ஜெயித்திருக்க வேண்டும் என்று தோராயமாக வரும். பேஸ்பால் புள்ளிவிவரக்காரர்கள் கண்டுபிடித்த பழைய வழி இது.

உதாரணத்துக்கு இரண்டு அணிகளை வைத்துக்கொள்வோம். இரண்டும் 10 ஆட்டத்தில் 3 ஜெயித்தவை. முதல் அணி போட்டது 238, வாங்கியது 262. கணக்குப் போட்டால் 0.45, அதாவது நாலரை வெற்றி வந்திருக்க வேண்டும். இரண்டாவது அணி போட்டது 150, வாங்கியது 330. வருவது 0.17. இரண்டு வெற்றிகூடத் தேறாத அணி எப்படியோ மூன்று ஜெயித்திருக்கிறது. பட்டியலில் இரண்டும் 3-7. ஒன்று ஏறும், இன்னொன்று இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. பள்ளி ஆட்டத்தில் 63-0 என்றெல்லாம் வரும். அப்படி ஒரே ஓர் ஆட்டம் மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும். எந்த ஆட்டத்திலும் வித்தியாசத்தை 28க்கு மேல் எடுக்காமல் வெட்டிவிட்டுக் கூட்டுங்கள். பிறகு 8 புள்ளி அல்லது அதற்குக் குறைவாகத் தோற்ற ஆட்டங்களைத் தனியாக எண்ணுங்கள். 8 என்பது ஒரு டச்டவுனும் அதன்மேல் இரண்டு புள்ளி முயற்சியும், அதாவது ஒரே முறை பந்து கிடைத்தால் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம். அப்படி நாலு ஐந்து தோல்வி இருந்தால் அடுத்த வருஷம் எல்லாமே அவர்களுக்கு எதிராகப் போகாது. கீழே சிதறிய பந்து யார் கைக்குப் போகிறது என்பது கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான். போன வருஷம் சிதறிய பந்தெல்லாம் எதிரணிக்கே போயிருந்தால் இந்த வருஷமும் அப்படியே போகும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. இடைமறித்துப் பிடிபடும் பந்துகளை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அதில் பாதி குவார்ட்டர்பேக்கின் புத்தி.

கோடையில் நடக்கும் ஏழு பேர் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். பலர் கெட்டுப்போவது இதில்தான். ஜூன் கடைசியில் காலேஜ் ஸ்டேஷனில் மாநிலப் போட்டி நடக்கும், "எங்க பையன்கள் அங்கே போய்விட்டார்கள்" என்று மார்தட்டுவார்கள். அந்த ஆட்டத்தில் முட்டல் கிடையாது, வரிசை ஆட்களே கிடையாது. குவார்ட்டர்பேக்கை யாரும் துரத்துவதில்லை. கடிகாரத்தில் நாலு வினாடி அவனுக்கே சொந்தம். நிஜ ஆட்டத்தில் மோசமான வரிசைக்குப் பின்னால் நிற்பவனுக்கு இரண்டரை வினாடி கிடைத்தால் அதிர்ஷ்டம். பந்தெறிவோர், பிடிப்போர் இடையே ஒத்திசைவு வளரும், அவ்வளவுதான் அதன் பயன். அதை வைத்து நவம்பரைக் கணிக்காதீர்கள்.

புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்தால் உடனே முன்னேற்றம் என்று நினைப்பதும் தப்பு. டெக்சஸில் பள்ளிப் பயிற்சியாளர்கள் பள்ளி மாவட்டத்தின், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின் முழுநேர ஊழியர்கள், உதவிப் பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் வகுப்பும் எடுப்பவர்கள். தாக்குதல் வரிசைக்கு நல்ல ஆள் ஒருவர் கிடைத்தாலும், அந்தப் பள்ளியில் அவருக்கேற்ற வரலாறு ஆசிரியர் இடம் காலியாக இருக்க வேண்டும். மார்ச்சில் நியமனம் ஆனவருக்கு உதவியாளர்கள் நிரம்பி முடிய ஜூன் ஆகிவிடும். அதற்குள் பளு தூக்கும் காலமும் வசந்தகாலப் பயிற்சியும் போயிருக்கும். விரிந்து நின்று பந்தெறிந்த அணியை நெருங்கி நின்று ஓடும் ஸ்லாட்-டி முறைக்கு மாற்றுகிறார் என்றால் முதல் வருஷம் தடுமாறியே தீரும். நான் பணம் கட்டுவதாக இருந்தால் இரண்டாம் வருஷத்தில்தான் கட்டுவேன்.

யாரும் பேசாத, ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் பள்ளியில் எத்தனை தலை என்பது. டெக்சஸில் போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பு மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பள்ளிகளைப் பிரிக்கிறது. 2024ல் 6ஏ என்ற மேல் பிரிவுக்கு எல்லை 2275. அதற்கு ஒன்று குறைந்தாலும் 5ஏ. 2280 பேர் உள்ள பள்ளியும் 5000 தாண்டிய ஆலன் பள்ளியும் ஒரே பிரிவில் இருந்தன, 2270 பேர் உள்ள பள்ளியோ கீழ்ப் பிரிவின் பெரிய அண்ணன். அந்தப் பத்துப் பிள்ளைகள் ஆட்டத்தையே மாற்றிவிடுவார்கள். இரட்டைப்படை ஆண்டின் பிப்ரவரியில் இந்தப் பிரிவினை வரும், இரண்டு சீசனுக்கு நிற்கும். அதனால் ஒற்றைப்படை ஆண்டில் போன வருஷத்து எதிரிகளே இந்த வருஷமும் எதிரிகள், ஒப்பிடுவது சுலபம். இரட்டைப்படை ஆண்டில் பழைய கணக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, புதிய மாவட்டத்தில் (ஒன்றோடொன்று ஆடும் பள்ளிகளின் குழுவுக்கும் மாவட்டம் என்றுதான் பெயர்) யார் யார் என்று பாருங்கள். மாவட்டத்தில் முதல் நாலு இடம் பிளேஆஃப் போகும். ஐந்தாவதாக வந்த அணி இருந்த இடத்திலேயே நின்றாலும், மேலே இருந்த ஒரு ஜாம்பவான் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டால் இவர்கள் உள்ளே.

பிரிஸ்கோ பள்ளி மாவட்டம் இதில் தனிக் கதை. ஒரு பள்ளிக்கு 2100 பேர் என்று கட்டி, கூட்டம் பெருகப் பெருகப் புதிய பள்ளி திறந்துகொண்டே போய், 2022ல் பேந்தர் கிரீக் திறந்ததோடு 12 உயர்நிலைப் பள்ளிகள் ஆகிவிட்டன. புதுப் பள்ளி திறந்தால் பக்கத்துப் பள்ளியின் எல்லை வெட்டப்படும், அதன் கீழ்வகுப்புப் பையன்கள் புதுப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். பழைய பள்ளி அந்த வருஷமே விழாது. மேல்வகுப்பு மாணவர்களைப் பெரும்பாலும் பழைய இடத்திலேயே படித்து முடிக்க விடுவார்கள். அடி இரண்டு வருஷம் கழித்து விழும். "ஏன் திடீரென்று இப்படி ஆயிற்று" என்று கேலரியில் புலம்புவார்கள், திடீரென்று எதுவும் ஆகியிருக்காது.

புதுப் பள்ளிக்கு இதுவே தலைகீழ். முதல் வருஷம் பன்னிரண்டாம் வகுப்பே இருக்காது. பையன்கள் தங்களைவிட இரண்டு வயது மூத்தவர்களிடம் உதை வாங்குவார்கள். மூன்றாம், நாலாம் வருஷத்தில் எழுவார்கள். ஹூஸ்டன் பக்கத்து ரிச்மண்டில் ராண்டில் பள்ளி 2021ல் திறந்தது. அன்று ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 2024ல் பன்னிரண்டாம் வகுப்பு. அந்த டிசம்பரில் ராண்டில் 5ஏ இரண்டாம் பிரிவின் மாநிலச் சாம்பியன், இறுதியாட்டத்தில் சாய்த்தது அதற்கு முன் இரண்டு முறை கோப்பை வாங்கிய சவுத் ஓக் கிளிஃபை. எல்லாப் புதுப் பள்ளியும் இந்த உயரத்துக்குப் போகாது. ஆனால் வருகிற சீசனில் முதல்முறையாக முழு நாலு வகுப்போடு இறங்கும் பள்ளி எது என்று தேடி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பள்ளியிலிருந்து நட்சத்திரம் ஒருவன் மாறி வருகிறான் என்ற செய்தி வந்தால் கொஞ்சம் பொறுங்கள். விளையாட்டுக்காகவே மாறினான் என்று மாவட்டக் குழு முடிவு செய்தால் ஒரு வருஷம் முதல் அணியில் ஆட முடியாது.

ஆகஸ்டில் பயிற்சி தொடங்கியதும் முதல் இரண்டு நாள் தலைக்கவசம் மட்டும், அடுத்த இரண்டு நாள் தோள்கவசமும் சேரும், ஐந்தாம் நாள்தான் முழு உடுப்பு. சீசன் தொடங்கியபின் முழு மோதல் பயிற்சி ஒரு பையனுக்கு வாரம் 90 நிமிடம்தான். ஆகவே வரிசை ஆட்கள் ஒருவரையொருவர் பழகிக்கொள்ள நேரம் மிகக் குறைவு. முதல் ஆட்டத்துக்கு முன் பக்கத்துப் பள்ளியோடு நடக்கும் ஒத்திகை ஆட்டத்துக்குப் போனால் பந்தைப் பார்க்காதீர்கள். மூன்றாவது முயற்சியில் இன்னும் இரண்டு யார்டு முன்னேறியாக வேண்டும் என்ற நேரத்தில் அந்த ஐவரின் முதுகைப் பாருங்கள். முதுகு தாழ்ந்து எல்லோரும் ஒரே அடியில் கிளம்பினால் சரி. ஒருவன் நிமிர்ந்து நின்றுவிட்டால் அந்த இடத்தில்தான் வருஷம் முழுக்க ஓட்டை. அப்படியே மாற்று சென்டர் யார், அவனுக்குப் பந்தை ஒழுங்காகப் பின்னால் கொடுக்க வருகிறதா என்றும் பாருங்கள். டெக்சஸில் ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனாலும் ஆட முடியாது. முதல் ஆறு வாரத்து மதிப்பெண் செப்டம்பர் கடைசியில் வரும், ஒரு வாரம் தவணை, பிறகு குறைந்தது மூன்று வாரம் ஓரத்தில் உட்கார வேண்டும். அந்த மூன்று வாரம் மாவட்ட ஆட்டங்களின் நடுவில் வந்து விழும். ஜூலையில் நன்றாகத் தெரிந்த எத்தனையோ அணிகள், அல்ஜீப்ராவில் 68 வாங்கிய சென்டரால் அக்டோபரில் கவிழ்ந்திருக்கின்றன.