மாறிவிட்டேன் என்றால் யார் சாட்சி?

ஆன்மிக அனுபவத்தைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். தியான முகாமுக்குப் போனேன், நாலு நாள் யாரிடமும் பேசவில்லை, கண்ணீர் தானாக வந்தது, இப்போது நான் வேறு ஆள் என்பார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்த வேறு ஆள் வீட்டுக்குத் திரும்பியதும் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார்? மனைவியிடம்? கடன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நண்பரிடம்? இதை யாரும் கேட்பதில்லை. கேட்டால் நாம் ஆன்மிகம் புரியாத ஜடமாகிவிடுவோம்.

யூத மதத்தைப் பற்றி நான் தொடர்ந்து படித்துவருவதற்குக் காரணமே, அங்கே இந்தக் கேள்வியை வெட்கப்படாமல் கேட்கிறார்கள் என்பதுதான். நான் யூதன் இல்லை. எந்த மதத்துக்கும் ஆள் சேர்க்கவும் வரவில்லை. இஸ்ரேல் அரசியலை இந்தப் பதிவின் கீழ் இழுத்து வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு. அது வேறு பேச்சு, வேறு நாள் பேசலாம்.

மைமோனிடஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். 12ஆம் நூற்றாண்டுக்காரர். ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்து, எகிப்தில் அரசவை மருத்துவராக வாழ்ந்தவர். யூதச் சட்டம் மொத்தத்தையும் 14 நூல்களாகத் தொகுத்தார். அதில் மனந்திரும்புதலுக்கென்றே பத்து அத்தியாயங்கள் இருக்கின்றன. ஒருவன் முழுமையாகத் திருந்திவிட்டான் என்று எப்போது சொல்லலாம் என்று அவர் கேட்கிறார். அழுதபோதா, நேர்ந்துகொண்டபோதா, உபவாசம் இருந்தபோதா? அதே தவறைச் செய்ய அதே வாய்ப்பு மறுபடியும் வர வேண்டும், ஆசையும் இருக்க வேண்டும், உடம்பில் தெம்பும் இருக்க வேண்டும், அப்போது விலகினால்தான் என்கிறார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து விலகினால் கணக்கில் சேராது. அவர் தரும் உதாரணமும் மழுப்பலானதல்ல: தகாத உறவு வைத்திருந்த அதே பெண், அதே ஊர், தனிமை, ஆசை கொஞ்சமும் குறையாத நிலை. வயதாகி, நினைத்தாலும் முடியாது என்றான பிறகு விட்டவனுக்கும் மன்னிப்பு உண்டு, ஆனால் அது உயர்ந்த வகை இல்லை என்று எழுதியிருக்கிறார். எழுதியவர் மருத்துவர் என்பது இந்த இடத்தில் நன்றாகத் தெரிகிறது.

அவருடைய இன்னொரு கருத்தும் எனக்குப் பிடிக்கும். ஆயிரம் பொற்காசுகளைத் தகுதியான ஒருவருக்கு ஒரே தடவையில் தூக்கிக் கொடுக்கலாம். அல்லது ஒவ்வொரு காசாக ஆயிரம் தடவை கொடுக்கலாம். எது கொடுப்பவனை மாற்றும்? இரண்டாவதுதான் என்கிறார். முதலாமவன் ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டான், அவ்வளவுதான். அடுத்தவன் கை ஆயிரம் முறை திறந்து பழகியிருக்கிறது. வாங்குகிறவருக்கு எது நல்லது என்பது தனி விவாதம். இங்கே அவர் பார்ப்பது கொடுப்பவனின் கையை.

யூத நாட்காட்டியே இந்தப் பழக்கத்துக்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. புத்தாண்டுக்கு முந்தைய மாதமான எலூலில், சப்பாத் என்ற வாராந்திர ஓய்வுநாள் தவிர்த்த காலைகளில் ஜெப ஆலயத்தில் ஆட்டுக்கொம்பு ஊதுவார்கள், தூங்குகிறவனை எழுப்புவதுபோல. பிறகு புத்தாண்டு. அதிலிருந்து பத்தாவது நாள் யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாள். சுமார் 25 மணி நேரம் சோறு தண்ணீர் கிடையாது, தோல் செருப்புகூடப் போடக்கூடாது. மார்பில் தட்டிக்கொண்டு எபிரேய அகரவரிசைப்படி பாவங்களை அறிக்கையிடுவார்கள். அதுவும் "நான்" என்றில்லை, "நாங்கள்" என்று. தான் செய்யாத பாவத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. கடவுளுக்கு எதிராக நீ செய்ததை இந்த நாள் மன்னிக்கும். சக மனிதனுக்கு எதிராகச் செய்ததை, அவனை நீ சமாதானப்படுத்தும்வரை மன்னிக்காது. கடவுளிடம் சிபாரிசு செல்லுபடியாகாது. எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, நேரில் போய் மன்னிப்பும் கேட்க வேண்டும். மறுத்தால் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், அப்படி மூன்று தடவை. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால்? பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவருடைய கல்லறைக்குப் போய், அங்கே நின்று செய்ததைச் சொல்ல வேண்டும். உள்ளே நடக்கும் மாற்றத்துக்கு இத்தனை சாட்சிகள்.

இந்தக் காலத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? யோம் கிப்பூர் நெருங்கினால், "நான் உங்களை ஏதாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்" என்று மொத்தக் குழுவுக்கும் ஒரே வாட்ஸப் செய்தி. அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும் ரபிகளும், அதாவது யூத மதகுருக்களும், உண்டு. ஃபார்வர்டு கலாசாரத்துக்கு மதபேதம் கிடையாது.

சரி, சட்டம் இருக்கிறது, நாட்காட்டி இருக்கிறது. அப்படியும் மனிதன் ஏன் மாறுவதில்லை? 19ஆம் நூற்றாண்டில் லித்துவேனியாவைச் சேர்ந்த ஒருவர் இதையே தன் வாழ்நாள் கேள்வியாக்கிக்கொண்டார். இஸ்ரேல் சலாந்தர். அவர் தொடங்கியதை மூசார் இயக்கம் என்கிறார்கள். ஒழுக்கப் பயிற்சி என்று புரிந்துகொள்ளுங்கள். அவருடைய சூழலில் படிப்புக்குக் குறைவே இல்லை. தல்மூத் என்ற யூதச் சட்ட விவாத நூலைக் கரைத்துக் குடித்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அவர் கவனித்தது இதுதான்: எங்கள் ஊர் யூதன் விலக்கப்பட்ட இறைச்சியைக் கண்டால் தானாகவே ஒதுங்குகிறான், அதற்காக அவன் மனதோடு போராட வேண்டியதே இல்லை. அதே ஆள் வியாபாரத்தில் இன்னொருவன் பணம் தன் கைக்கு வந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை, வந்து கேட்டால்தான் யோசிக்கிறான். இரண்டுமே தோரா என்ற யூத வேதத்தின் கட்டளைதான். ஒன்று ஏன் இயல்பாயிற்று, மற்றது ஏன் ஆகவில்லை?

அவர் கண்ட விடை, பழக்கம். ஒன்று தலைமுறை தலைமுறையாகப் பழகி ரத்தத்தில் ஊறிவிட்டது. மற்றதில் யாரும் பயிற்சி எடுக்கவில்லை. அப்படியென்றால் நேர்மையையும் பழக்கிவிடலாம் அல்லவா? புத்திக்குத் தெரிந்தது குணமாக இறங்குவதற்கு, மனதுக்கு அடியில் நமக்கே தெரியாத சக்திகள் தடையாக நிற்கின்றன என்றும் எழுதினார். பிராய்டு உளப்பகுப்பாய்வைப் பற்றி எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே சலாந்தர் இறந்துவிட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லித்துவேனியாவின் வில்னா நகரில் அவர் மூசாருக்கென்று தனி வீடு அமைத்தார். கடைக்காரர்களும் வேலையாட்களும் பொழுது சாயும் நேரத்தில் வந்து, ஒழுக்க நூலின் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ராகம் போட்டு, சத்தமாக, உணர்ச்சியோடு சொல்வார்கள். புத்திக்குப் போனது போதும், நெஞ்சுக்குப் போகட்டும் என்பது கணக்கு.

சலாந்தரைப் பற்றிய கதைகள் ஏராளம். எது நடந்தது, எது சீடர்களின் அன்பு என்று பிரிப்பது கஷ்டம். ஒரு வீட்டில் சாப்பாட்டுக்கு முன் கைகழுவும் சடங்கில் மிகக் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாராம். தாராளமாக ஊற்றுவதுதானே பக்தி என்று கேட்டதற்கு, தண்ணீர் சுமந்து வருவது அந்த வேலைக்காரப் பெண், அவள் தோளில் ஏறி நான் பக்திமானாக முடியாது என்றாராம். 1848இல் வில்னாவில் காலரா பரவியபோது நோயாளிகளைக் கவனிக்க ஆட்களைத் திரட்டினார். யோம் கிப்பூர் அன்று உயிரைக் காத்துக்கொள்ளச் சாப்பிடுங்கள் என்று அறிவித்தார். மேடையேறி அவரே எல்லார் முன்னாலும் சாப்பிட்டுக் காட்டினார் என்று சிலர் சொல்வார்கள், அவ்வளவு தூரம் போகவில்லை என்று சிலர். 1883இல் கோனிக்ஸ்பர்க்கில் சாகும் தறுவாயில் இருந்தபோது, இரவுத் துணைக்கு வைத்திருந்த ஆள் பிணத்தோடு தனியாக இருக்கப் பயந்தானாம். இவர் கடைசி நேரத்தைச் செலவிட்டது, இறந்த உடம்பு ஒன்றும் செய்யாது என்று அவனைத் தேற்றுவதில். இந்தக் கதைகள் அத்தனையிலும் பக்தியை அளக்கும் கோல் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஆள்தான். அதனால்தான் நடந்ததோ இல்லையோ, எனக்கு இவை முக்கியம்.

இந்த இயக்கம் பயன்படுத்திய ஒரு கருவியின் வரலாறு சுவாரசியமானது. மெனாஹெம் மெண்டல் லெஃபின் என்பவர் 1808இல், இன்றைய உக்ரைனில் இருக்கும் லெம்பர்க் நகரில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பொறுமை, ஒழுங்கு, சிக்கனம், மௌனம், உண்மை என்று 13 குணங்கள். ஒரு வாரத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் எங்கே சறுக்கினோம் என்று கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்க வேண்டும். 13 வாரம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. வருடத்துக்கு நான்கு சுற்று. கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதா? அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சுயசரிதையில் விவரித்த முறையேதான். பிராங்க்ளினின் பெயர் மட்டும் அந்த நூலில் இல்லை. லெஃபின் நவீனக் கல்வியை ஆதரித்தவர், பழமைவாதிகள் சந்தேகத்தோடு பார்த்த முகாம். அப்படியும் சலாந்தர் அந்த நூலை 1840களில் மறுபதிப்பு செய்யத் தூண்டினார். பிலடெல்பியா அச்சுக்கடைக்காரரான பிராங்க்ளினின் அட்டவணை லித்துவேனிய மதப் பள்ளிக்குள் வந்தது இப்படித்தான். எங்கள் மரபில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, வெளியிலிருந்து ஒன்றும் வேண்டாம் என்று நெஞ்சு நிமிர்த்தும் மதவாதிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு இதைச் சொல்லிப் பார்க்க ஆசை.

எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. சலாந்தருக்குப் பிறகு இயக்கம் கிளை பிரிந்தது. ஸ்லபோட்கா என்ற ஊரின் பள்ளியில் நோசன் ஸ்வி ஃபிங்கல், மனிதன் எவ்வளவு மேன்மையானவன் என்பதைச் சொல்லித் திருத்தினார். அங்கே மாணவர்கள் நேர்த்தியாக உடுத்தினார்கள். நோவர்டோக் என்ற ஊரில் யோசெஃப் யோசெல் ஹோர்விட்ஸ் எதிர்த்திசையில் போனார்: கிழிந்த உடை, அகங்காரத்தை உடைக்கும் பயிற்சிகள். மருந்துக்கடையில் போய் ஆணி கேள், சிரிப்பார்கள், அந்த அவமானத்தைத் தாங்கிப் பழகு என்பது அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் பிரபலமான பயிற்சி. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தை உடைப்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆணி கேட்கிற பையனின் கவனம் முழுக்கத் தன்மேல்தான் இருக்கிறது. கடைக்காரரின் நேரம் வீணாவது அவன் அட்டவணையில் வராது. தண்ணீர் சுமக்கும் பெண்ணைப் பார்த்த சலாந்தரிடமிருந்து இது வெகுதூரம் வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். அந்த மதப் பள்ளிகள் ஆண்களுக்கு மட்டுமானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இருந்த பெண்களின் குணப் பயிற்சிக்கு யாரும் கட்டம் போட்டுக் கொடுக்கவில்லை.

யூதர்களுக்குள்ளேயே எதிர்ப்பு பலமாக இருந்தது. தோரா படித்தாலே போதும், இது எதற்கு என்றார்கள். 1897இல் ஸ்லபோட்கா பள்ளியே இதனால் இரண்டாகப் பிரிந்தது. மூசார் பேதி மருந்து மாதிரி, நோயாளிக்கு நல்லது, ஆரோக்கியமானவன் குடித்தால் நோயாளியாவான் என்று பிரிஸ்க் நகர ரபி ஹாயிம் சொன்னதாகச் சொல்வார்கள். பிறகு நாஜிகளின் படுகொலையில் நோவர்டோக்கின் போலந்துக் கிளைகள் பெரும்பாலும் மாணவர்களோடு அழிந்தன. இன்று வட அமெரிக்காவில் பெண்களும் சேர்ந்து படிக்கும் மூசார் குழுக்கள் புதிதாக முளைத்திருக்கின்றன.

எனக்கு நெருடும் இன்னொரு இடம், அந்த மூன்று தடவை மன்னிப்பு. மூன்றாவது முறையும் மன்னிக்காவிட்டால், கேட்டவனை விட்டுவிடலாம், இனி மறுத்தவர்தான் பாவி என்கிறது மைமோனிடஸின் சட்டம். கேட்கிறவன் மாறியிருக்கிறானா என்பதை யார் முடிவு செய்வது? அடித்த கணவன் மூன்று முறை ஆள் கூட்டி வந்து நின்றால் பாரம் அடி வாங்கியவள் தலையில் ஏறிவிடாதா? இதைப் பற்றி இன்றைய ரபிகளும் நிறைய வாதிக்கிறார்கள்.

ஆனால் இந்தச் சட்டத்துக்கு 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவ் ரபி மோசஸ் இஸ்ஸர்லெஸ் பதிவு செய்த விலக்கு ஒன்று உண்டு. ஒருவர்மேல் அவதூறு பரப்பியவன் மன்னிப்புக் கேட்டு வந்தால், பாதிக்கப்பட்டவர் மன்னித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பின்னால் வந்த உரையாசிரியர்கள் காரணம் சொல்கிறார்கள்: அவதூறைக் கேட்டவர்கள் எல்லாரும் மன்னிப்பையும் கேட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள், பொய்ப் பதிவு நாலாயிரம் பகிர்வு போன பிறகு அதை ஓசைப்படாமல் நீக்கிவிட்டு, கமெண்டில் "தவறுக்கு வருந்துகிறேன் நண்பர்களே" என்று போடும் நம்மாட்கள்.