‘நீங்க கையை ஆட்டிட்டீங்க சார்!’

இரண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியை நான் பகிரப் போவதில்லை. ஒரு நிகழ்ச்சியில் வித்தைக்காரர் ஒருவர் ஜேப்படி வித்தை காட்டுகிறார், அதாவது ஒரு பெரியவரின் வாட்ச்சை அவருக்குத் தெரியாமல் கழற்றித் திருப்பித் தரும் வித்தை. அதில் வாட்ச் கீழே விழுகிறது. இங்கே அதைப் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். வாட்ச் கீழே விழுந்ததைப் பற்றியும் எனக்குப் பெரிய புகார் இல்லை. ஜேப்படி வித்தை செய்கிற எல்லார் கையிலிருந்தும் என்றைக்காவது ஒருநாள் வாட்ச் விழும். விழுந்த அடுத்த நொடி அந்தப் பெரியவரைப் பார்த்து, “நீங்க கையை ஆட்டிட்டீங்க சார்!” என்று காலர் மைக்கில் சொல்லி, சுற்றியிருந்த மேஜைகளையெல்லாம் சிரிக்க வைத்தாரே, அதுதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

வாட்ச் அந்தப் பெரியவருடையது. கை அவருடையது. தன் கையை ஆட்ட அவருக்கு உரிமை இருக்கிறது. அவர் ஆட்டினாலும் கழற்றத் தெரிய வேண்டும், இல்லையென்றால் விட்டுவிடத் தெரிய வேண்டும். இரண்டும் வித்தைக்காரரின் வேலை. பெரியவருக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

தொழில் தெரிந்தவர்கள் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அது பக்கிள் வைத்த சாதாரணத் தோல் வார். ஜேப்படி பழகுகிற எவரும் முதலில் கை வைப்பது அதில்தான். வாரின் வால் இரண்டு வளையங்களுக்குள் செருகியிருக்கும். பக்கிளை ஒட்டி ஒன்று அசையாமல் இருக்கும், இன்னொன்று நகரும். முதலில் இரண்டிலிருந்தும் வால் வெளியே வர வேண்டும். அப்புறம் வாலைப் பின்னுக்கு மடக்கி ஒரு சின்ன இழுப்பு. வார் ஒரு கணம் இறுகும், முள் துளையை விட்டுச் சாயும். பிடியைத் தளர்த்தினால் வால் பக்கிளிலிருந்து தானாக உருவிக்கொண்டு வரும். இத்தனையிலும் வாட்ச் கட்டியவருக்கு உறைக்கிற ஒரே கணம் அந்த இழுப்புதான். அதற்காகத்தான் காசை அவர் உள்ளங்கையில் வைத்து, “நல்லா இறுக்கி மூடுங்க” என்று சொல்லிக்கொண்டே மணிக்கட்டை முன்கூட்டி அழுத்திப் பிடிக்கிறோம். நாம் கையை எடுத்த பிறகும் அந்த அழுத்தம் தோலில் கொஞ்ச நேரம் தங்கும். வாட்ச் இன்னும் இருப்பது போலவே அவருக்குத் தோன்றும்.

காணொளியில் என்ன நடந்தது? நகரும் வளையத்திலிருந்து வால் வந்துவிட்டது. அசையாத வளையத்திலிருந்து வரவில்லை. வித்தைக்காரர் அதோடு சேர்த்து இழுத்தார். மாட்டிக்கொண்டது. விட்டிருக்கலாம். திருகி இன்னும் பலமாக இழுத்தார். வாரையும் வாட்ச்சையும் பிடித்துக்கொண்டிருப்பது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு ஸ்பிரிங் கம்பி. நேராக இழுத்தால் தாங்கும், கோணலாகத் திருகினால் வாட்ச்சின் ஓரத்தில் வாரைத் தாங்கும் காதிலிருந்து தெறித்துவிடும். தெறித்தது. வாட்ச் ஒரு பக்கம், வார் ஒரு பக்கம். அந்தப் பெரியவர் அதுவரை சொன்னபடி கையை மூடி நீட்டிக்கொண்டுதான் நின்றிருந்தார். வலித்தது, அதனால் இழுத்துக்கொண்டார். வலித்தால் யார்தான் இழுக்க மாட்டார்கள்? கம்பி தெறித்த பிறகு இழுத்த கைக்குத் தெறித்த பழியைப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது. மாட்டிக்கொண்டதும் வித்தைக்காரர் பதற்றத்தில் தன் கையை வெடுக்கென்று நேர்கோட்டில் பின்னுக்கு இழுத்தார். 2011-இல் அமெரிக்க ஜேப்படி வித்தைக்காரர் அப்போலோ ராபின்ஸோடு சேர்ந்து நரம்பியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. கை வளைவாகப் போனால் பார்ப்பவரின் கண் அதோடு வழுக்கிக்கொண்டே போகும். நேராகப் போனால் கண் அதன் முடிவிடத்துக்குத் தாவிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். இங்கே புறப்பட்ட இடம் மணிக்கட்டு. மொத்த மேஜையின் கண்ணையும் தானே அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, பெரியவர் ஆட்டிவிட்டாராம்.

வளையம் மாட்டினால் விட்டுவிட வேண்டியதுதான். க்ளோஸ்-அப்பில், அதாவது மேஜையருகே நின்று காட்டும் வித்தையில், நமக்குள்ள பெரிய வசதியே, வாட்ச்சை எடுக்கப் போகிறோம் என்று யாரிடமும் சொல்லவில்லை என்பது. எடுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. காசு வித்தையை முடித்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போகலாம். ஆனால் வாரைப் பாதி கழற்றிய நிலையில் விட்டுவிட்டுப் போவது அயோக்கியத்தனம். அரை மணி கழித்து அவர் கை கழுவும்போது அது விழும். “சார், உங்க ஸ்ட்ராப் கழண்டிருக்கு பாருங்க” என்று சாதாரணமாகச் சொல்லி, அவர் மாட்டி முடிக்கும்வரை நிற்க வேண்டும். யாருக்கும் சந்தேகம் வராது, உங்கள் மேல் நல்ல பெயர்தான் வரும்.

எடுக்கும்போதே பிடிபட்டுவிட்டால்? அந்த நிமிஷத்தின் ஹீரோ அவர்தான். “கண்டுபிடிச்சிட்டாரு!” என்று மேஜையைக் கைதட்ட வையுங்கள், வாட்ச்சை அவர் உள்ளங்கையில் வையுங்கள், கட்டிவிடப் போகாதீர்கள், அவரே கட்டிக்கொள்ளட்டும். அதே ஆளிடம் இரண்டாவது முறை முயலாதீர்கள். விட்டதைப் பிடிக்கிற ரோஷம் சூதாட்டத்துக்கே நல்லதில்லை.

கீழே விழுந்துவிட்டால் முதலில் வாயை மூட வேண்டும். குனிந்து நீங்களே எடுக்க வேண்டும். நொடி முள் ஓடுகிறதா, கண்ணாடியில் கீறல் உண்டா, நேரம் திருப்பும் பக்கவாட்டுக் கிரீடம் வளைந்திருக்கிறதா என்று அவர் கண் முன்னாலேயே பார்க்க வேண்டும். “மன்னிச்சிடுங்க, என் தப்பு” என்பது முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். ஜோக் அடித்தே தீர வேண்டுமென்றால் அது உங்கள் மேல் அடிக்கிற ஜோக்காக இருக்கட்டும். ஸ்பிரிங் கம்பிதான் தெறித்தது என்றால் அது ஒரு சின்ன உதிரி. வாட்ச்சில் கை வைக்கிறவர் பையில் நாலைந்து அளவில் அந்தக் கம்பியும், மாட்டுவதற்கான கருவியும் இருக்க வேண்டாமா? சீட்டுக்கட்டு மட்டும் எட்டு வைத்திருக்கிறோம்.

பர்ஸ் விஷயத்தில் நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. திறக்காதே. வெளியே எடுத்தால் மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி பிடி. உள்ளேயிருந்து ஏதாவது சிதறினால் நீ பொறுக்காதே, அவரே பொறுக்கட்டும், அதுவரை நிகழ்ச்சி நிற்கட்டும். யாருடைய புகைப்படம், என்ன ரசீது என்று உன் கண்ணில் பட்டது உன் வாய்க்கு வரக்கூடாது.

எதைத் தொடக்கூடாது என்பதுதான் பெரிய பாடம். யாரும் சொல்லித் தருவதில்லை. எலாஸ்டிக் மாதிரி விரியும் உலோகச் சங்கிலிக்குக் கொக்கியே கிடையாது. உள்ளங்கை வழியாக உருட்டித்தான் எடுக்க வேண்டும், வழியில் முடியைப் பிடுங்கும். பாதுகாப்பு மடிப்புள்ள உலோக வாரில் ஒன்றுக்கு இரண்டு பூட்டு. ஸ்மார்ட் வாட்ச்சின் சிலிக்கோன் வார் வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். அதையும் மீறிக் கழற்றினால், மணிக்கட்டை விட்டதும் பல மாடல்கள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். உங்கள் வித்தைக்குப் பரிசாக அவர் ரகசிய எண்ணை எல்லார் முன்னாலும் அழுத்த வேண்டும். காந்த மோதிரம் போட்டுக்கொண்டு மெக்கானிக்கல் வாட்ச்சில் கை வைக்கிறவர்களை என்ன சொல்ல? உள்ளே இருக்கும் மெல்லிய சுருள்வில் காந்தமாகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாட்ச் வேகமாக ஓடத் தொடங்கும். அவருக்கு அது மறுநாள்தான் தெரியும், காரணம் தெரியவே தெரியாது.

வாட்ச்சை விடுங்கள், கையைப் பற்றி யாராவது யோசிக்கிறோமா? டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பலருக்கு முன்கையில் ஃபிஸ்டுலா, அதாவது அறுவை சிகிச்சையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம், இருக்கும். அந்தக் கையை அழுத்தவே கூடாது, அழுத்தினால் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இறுக்கிப் பிடித்தாலே கன்றிப்போகும். முழுக்கைச் சட்டைக்குள் இதெல்லாம் தெரியாது. “கையைப் பிடிச்சுக்கலாமா? வலி எதுவும் இல்லையே?” என்று கேட்க ஆகும் நேரம் மூன்று நொடி. தொடுவதற்கு அதைவிட நல்ல சாக்கும் கிடையாது. கேட்டால் பிகு குறைந்துவிடுமாம்.

சரி, இப்போது வரிசையாக வருவீர்கள், தெரியும்.

“ரகசியத்தையெல்லாம் பொதுவில் போட்டு உடைக்கிறாய்.” பக்கிள் எப்படித் திறக்கும் என்பது பக்கிள் கட்டிய எல்லாருக்கும் தெரியும். அடுத்து.

“போராவும் ராபின்ஸும் எடுக்கவில்லையா?” இருவரும் மேடை ஜேப்படியில் பேர்போனவர்கள், எடுத்தார்கள். 2001-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் பாதுகாப்பு அதிகாரிகளிடமே ராபின்ஸ் கைவரிசை காட்டினார். அதனால்தான் சொல்கிறேன். அவர் மேடையைக் கவனித்துப் பாருங்கள். எடுப்பதைவிடத் திருப்பித் தருவதில் எவ்வளவு நேரம் செலவழிக்கிறார், ஒவ்வொரு முறையும் கைதட்டல் யார் பக்கம் போகிறது என்று பாருங்கள். வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்து, அவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே வேறொன்றை எடுப்பது மேடை ஜேப்படியில் பழைய உருப்படி. அது ஏன் எடுபடுகிறது? முதல் பொருள் பத்திரமாகத் திரும்பி வந்ததும் அவருக்கு ஒரு நம்பிக்கை வருகிறது. அந்த நம்பிக்கையின் மேல்தான் இரண்டாவது வித்தையே நிற்கிறது. அதை உடைத்துவிட்டு ராபின்ஸ் பெயரைச் சொல்லாதீர்கள்.

“உனக்கு வயிற்றெரிச்சல்.” இன்பாக்ஸில் இதுவரை வந்ததிலேயே நாகரிகமானது இதுதான், அதனால் இங்கே எழுதுகிறேன். இதே தொழிலில் இருப்பவர்கள், என்னோடு உட்கார்ந்து பக்கிள் பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும். வளையம் மாட்டியதா இல்லையா என்பதற்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

“பெரியவரே சிரித்தாரே, உனக்கு என்ன?” ஆமாம், சிரித்தார். முன்பின் தெரியாத இருபது பேர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது நாமும் சிரித்துத்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. காணொளியை அந்தச் சிரிப்போடு நிறுத்திவிடுகிறீர்கள். கடைசி நான்கு நொடியையும் பாருங்கள். கேமரா வேறு பக்கம் திரும்பும்போது ஓரத்தில், இடது மணிக்கட்டை வலது கையால் தேய்த்துக்கொண்டே நாற்காலியில் உட்காருகிறார். வார் மேஜை மேல் கிடக்கிறது. அதை எடுத்துக் கொடுக்கக்கூட யாரும் இல்லை.

அதற்கப்புறம் அதை வெட்டி, பின்னணி இசை போட்டு, சிரிக்கும் பொம்மை ஒட்டி ஏற்றியிருக்கிறார்கள். அவரிடம் கேட்டிருப்பார்களா? ‘உதவிக்கு வந்தவர்’ என்று நாம்தான் சொல்கிறோம். கூப்பிட்டதும் எழுந்து வந்து, தன் பொருளையும் கையையும் நம்மிடம் கொடுத்துவிட்டு நிற்கிற மனிதரைச் சீட்டுக்கட்டு, ரப்பர் வளையத்தோடு சேர்த்து இன்னொரு சாமானாகத்தான் இந்தத் தொழிலில் பாதிப் பேர் பார்க்கிறார்கள். இதைச் சொன்னால் எனக்கு மேடை கிடைக்காது என்று எச்சரிக்கை வேறு. கிடைக்காவிட்டால் போகட்டும்.

செய்ய வேண்டியது இன்னும் இருக்கிறது. காணொளியை எடுத்துவிடுங்கள். அவர் எங்கே என்று நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டவர்களிடம் கேட்டு, போய்ப் பாருங்கள். பழுதுக்கு ஆகும் காசை உங்கள் கையிலிருந்து கொடுங்கள், கூப்பிட்டவர்கள் தலையில் கட்டாதீர்கள். கேமராவை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், மன்னிப்புக் கேட்பதையும் ஏற்றிவிடுவீர்கள்.

“அதென்ன, சாதா வாட்ச்தானே” என்று கமெண்டில் எழுதியவரை மட்டும் பிளாக் செய்துவிட்டேன். மற்றவர்கள் வாருங்கள், பேசலாம்.