மூணு ஓட்டைதானே என்று சொல்பவர்களுக்கு

அந்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அண்ணனுக்குக் கிட்னி கொடுக்கப்போகிற பெண் ஆறு வாரம் லீவு கேட்கிறாள். "லேப்ராஸ்கோப்பிதானே, மூணு ஓட்டைக்கு ஆறு வாரமா?" என்று மேனேஜர் பதில் போடுகிறார். லேப்ராஸ்கோப்பி என்றால் வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டு, கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்கிற அறுவை. அவரைக்கூட விட்டுவிடலாம். கீழே வந்து "நியாயமான கேள்விதானே" என்று எழுதியவர்களை என்னால் விட முடியவில்லை.

ஓட்டை சின்னதாக இருக்கலாம். அதன் வழியாகப் போவது ஒரு முழு கிட்னி.

லேப்ராஸ்கோப்பியை நான் குறை சொல்லவில்லை. நானும் என் அண்ணனுக்குக் கிட்னி கொடுத்தவள், எனக்கும் அப்படித்தான் எடுத்தார்கள். 1995இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ராட்னர், கவூசி என்ற இரண்டு டாக்டர்கள் இந்த முறையில் முதன்முதலாகக் கொடையாளரிடமிருந்து கிட்னி எடுத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் விலாவை ஒட்டி நீளமாகக் கிழிக்க வேண்டும், சில சமயம் கடைசி விலா எலும்பிலும் கை வைக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு மாமா அப்படித் தம்பிக்குக் கொடுத்தவர். சட்டையைக் கழற்றினால் முதுகிலிருந்து வயிறு வரைக்கும் தழும்பு ஓடும். அவரைப் பார்க்கும்போது நான் கொடுத்துவைத்தவள்தான். வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாங்கிக்கொள்பவருக்கும் நஷ்டமில்லை. ரத்த ஓட்டத்தை நிறுத்தியபின் கிட்னியை வெளியே எடுக்க இதில் சில நிமிடம் கூடுதலாகும், ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு முறையில் எடுத்த கிட்னியும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

சரி, அந்த மூணு ஓட்டைக்கு வருவோம். கைமுட்டி அளவு கிட்னி அதில் வெளியே வராது. அடிவயிற்றில், சிசேரியனுக்குப் போடுகிற இடத்தில், தனியாக ஒரு வெட்டு உண்டு. வயிற்றை உப்ப வைக்க ஏற்றுகிற வாயு தோள்பட்டையில் போய் வலிக்கும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டும். கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று வாரக்கணக்கில் சொல்லி அனுப்புவார்கள். அதற்குத்தான் லீவு.

"இப்படி எழுதினால் யார் கொடுக்க வருவார்கள்?" என்று கேட்பீர்கள். நான் பயமுறுத்தவில்லை. அமெரிக்கக் கணக்கில் இந்த அறுவையால் இறப்பவர்கள் முன்பு பத்தாயிரத்தில் மூன்று பேர், 2013இலிருந்து 2022 வரையான கணக்கில் ஒன்றுக்கும் கீழே. அதே நாட்டில் 2014இல் வந்த ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. கொடுத்தவர்களில் 15 வருடத்துக்குள் கிட்னி செயலிழப்பது பத்தாயிரத்தில் சுமார் 31 பேருக்கு, அதே ஆரோக்கியத்தோடு கொடுக்காமல் இருப்பவர்களில் 4 பேருக்கு. குறைவுதான். ஆனால் பூஜ்யம் இல்லை. வருடா வருடம் பிரஷர், கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட முடியாது. இதையும் தெரிந்துகொண்டு கொடுக்க வருபவர்களைத்தான் நான் மதிக்கிறேன்.

"நாலே நாளில் எழுந்து நடந்தவர்கள் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். நானும் நடந்தேன். நடப்பதும் வேலைக்குப் போவதும் ஒன்றா?

எனக்கு வலிப்பது வேறு. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் என் அண்ணனைப் பார்க்க வந்தார்கள். அவருக்கு இன்ஃபெக்‌ஷன் வந்துவிடக்கூடாது என்று வாசலிலேயே நின்று பேசினார்கள், நல்லது. ஒரு பெரியம்மா என்னிடம், "உனக்கென்னடி, ஓட்டை போட்டுத்தானே எடுத்தாங்க, எல்லாருக்கும் காபி போடு" என்றார். போட்டேன். பால் பாத்திரத்தைத் தூக்கியபோது அடிவயிற்றில் சுரீரென்றது. திரும்பிப் பார்த்தால், அண்ணனுக்குக் கிரியாட்டினின் எவ்வளவு என்று எல்லோரும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். என்னுடையதை யாரும் கேட்கவில்லை.

இந்த நாட்டில் உயிரோடு கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அம்மா, மனைவி, அக்கா, தங்கச்சி. வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தழும்பு சின்னதாகிவிட்டதால் கொடுத்தவளையும் சின்னதாக்கிவிட்டீர்கள். அந்த மாமாவின் தழும்பைப் பார்த்து ஊரே எழுந்து நின்றது. எங்களுடையது புடவைக்குள் மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மத்திய அரசு ஊழியர் உறுப்பு கொடுத்தால் 42 நாள் வரை சிறப்பு விடுப்பு என்று 2023 ஏப்ரலில் ஆணை வந்தது. எந்த வகை அறுவையாக இருந்தாலும் சரி என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தனியார் கம்பெனியை அது கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனால் ஆறு வாரம் என்பது அந்தப் பெண் இஷ்டத்துக்குச் சொன்ன கணக்கு இல்லை. ஆணையின் நகலை முதல் கமெண்டில் போடுகிறேன். அவளுடைய மேனேஜரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அனுப்பி வையுங்கள். நியாயமான கேள்வி என்றவர்களும் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.