வலியை மறைக்கிறவனுக்குத்தான் சம்பளம்

இந்திய கிரிக்கெட் டீமோட 2025 இங்கிலாந்து டூர் முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு, இன்னும் நம்ம ஃபாஸ்ட் பவுலர் பும்ராவை திட்டி போஸ்ட் வந்துட்டேதான் இருக்கு. அஞ்சு டெஸ்ட்ல மூணுதான் ஆடினான், சிராஜ் அஞ்சும் ஆடி 185 ஓவருக்கு மேல போட்டு 23 விக்கெட் எடுத்தான், ஓவல்ல 6 ரன்ல ஜெயிச்சதே அவனாலதான், ஐபிஎல்னா மட்டும் பும்ராவுக்கு முதுகு வலிக்காதுன்னு. நல்லா விவரம் தெரிஞ்ச ஒரு அண்ணனே அதை ஷேர் பண்ணியிருந்தாரு. சிராஜ் பண்ணது சாதாரண விஷயம் இல்ல, அவரு உழைப்பைப் பத்தி தனியாவே எழுதலாம். ஆனா அதைக் காட்டி இன்னொரு பவுலரை சோம்பேறின்னு சொல்றது எனக்கு தாங்கல, அதான் இவ்ளோ நீளமா டைப் பண்றேன், பொறுமையா படிங்க.

பும்ராவோட முதுகு கதையை மட்டும் வரிசையா பாருங்க. 2019ல முதுகுல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து எலும்புல வர்ற விரிசல். 2022ல திரும்ப அதே முதுகு, டி20 உலகக்கோப்பை ஆட முடியல. 2023 மார்ச்ல நியூசிலாந்து போய் ஆபரேஷன், ஆகஸ்ட்ல அயர்லாந்து டூருக்கு கேப்டனா திரும்பி வந்தாரு. அப்புறம் 2024-25 ஆஸ்திரேலியா டூர், அஞ்சு டெஸ்ட்ல 151 ஓவர், 32 விக்கெட், கிட்டத்தட்ட ஒத்த ஆளா அந்த சீரிஸை இழுத்துட்டு போனாரு, கடைசியில சிட்னியில ரெண்டாவது இன்னிங்ஸ்ல பந்தே போட முடியல. அடுத்து வந்த சாம்பியன்ஸ் டிராபியும் அவரால ஆட முடியல. அப்போ நியூசிலாந்தோட பழைய ஃபாஸ்ட் பவுலர் ஷேன் பாண்ட் வெளிப்படையாவே சொன்னாரு, ஆபரேஷன் பண்ண அதே இடத்துல இன்னொரு தடவை அடிபட்டா கரியரே முடிஞ்சிடலாம்னு. பாண்ட் சும்மா வெளியில நின்னு பேசுற ஆள் இல்ல, அவரும் முதுகுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர்தான். அவ்ளோ வேகம், அவ்ளோ திறமை, ஆனா மொத்தம் ஆடினது 18 டெஸ்ட். அந்த மனுஷன் சொல்லும்போது கேக்கணும்ல?

ஃபாஸ்ட் பவுலிங்ல உடம்புக்கு என்ன நடக்குதுன்னு டிவியில பாக்குற நமக்கு தெரியறதில்ல. ஓடி வந்து முன்கால் தரையில பதியுற அந்த ஒரு நொடிக்குள்ள உடம்பு எடையைப் போல பல மடங்கு விசை அந்தக் கால் வழியா மேல ஏறுது, அதே நேரத்துல இடுப்புக்கு மேல உடம்பு ஒரு பக்கமா சாயுது, திரும்புது, பின்னாடி வளைஞ்சு முன்னாடி வருது. இதெல்லாம் போய் சேர்ற இடம் கீழ் முதுகெலும்புல பின்பக்கம் இருக்கிற சின்ன எலும்புப் பாலம். வலது கை பவுலருக்கு பெரும்பாலும் இடது பக்கம்தான் உடையும். ஒரே நாள்ல உடையுறதும் இல்ல, முதல்ல எலும்புக்குள்ள அழுத்தம் சேரும், அப்போ லேசா வலிக்கும், பவுலிங் போட்டு முடிச்சதும் இருக்கும், மறுநாள் காலையில போயிடும். எக்ஸ்ரே எடுத்தா ஒண்ணும் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்தாதான் தெரியும். பதினெட்டு இருபது வயசுல எலும்பு முழுசா முத்தியிருக்காது, அந்த வயசுலதான் பசங்க வெறியோட பந்து போடுவாங்க.

பும்ராவுக்கு ஒரு சின்ன வலின்னா எம்ஆர்ஐ, டாக்டர்ஸ் டீம், பெங்களூர்ல ரீஹாப் (காயத்துல இருந்து மீண்டு வர்ற பயிற்சி), வெளிநாட்டு சர்ஜன், எல்லாம் இந்திய கிரிக்கெட் போர்டு செலவு. கான்ட்ராக்ட் பணமும் வரும். இன்னொரு ஃபாஸ்ட் பவுலர் ஷமியும் அப்படித்தான், 2023 உலகக்கோப்பையில 7 மேட்ச்ல 24 விக்கெட் எடுத்துட்டு 2024 பிப்ரவரியில லண்டன்ல குதிகால் ஆபரேஷன், அந்த வருஷம் நவம்பர்லதான் மாநில டீம்கள் மோதுற ரஞ்சி டிராபியில திரும்ப பந்து போட்டாரு. இதை நான் குறையா சொல்லல. இப்படித்தான் இருக்கணும். என் பிரச்சனை இதுக்கு கீழ இருக்கிறவனைப் பத்தி.

ரஞ்சி ஆடுற பையனோட சம்பளம் எப்படின்னு எத்தனை பேருக்கு தெரியும்? 2021ல போர்டு ஏத்தின கணக்குப்படி 40 மேட்ச்சுக்கு மேல ஆடினவருக்கு ஒரு நாளைக்கு 60,000, 21ல இருந்து 40 வரைன்னா 50,000, அதுக்கும் கம்மியா ஆடின புதுப் பசங்களுக்கு 40,000. பெஞ்ச்ல உக்காந்தா அதுல பாதி. கேக்க நல்லா இருக்குல்ல, நாலு நாள் மேட்ச்னா 1,60,000, ஏழு லீக் மேட்ச்னா 11 லட்சத்துக்கு மேல. ஆனா அது நாள் கணக்கு. டீம்ல இருக்கிற நாளுக்குத்தான் காசு. பெரும்பாலான மாநிலங்கள்ல வருஷ கான்ட்ராக்ட்னு ஒண்ணு கிடையாது, முதுகு போயி வீட்ல படுத்தா அந்த 11 லட்சம் பூஜ்யம். வருமானம் நிக்கிற அதே மாசத்துலதான் ஸ்கேன், பிசியோ, ஜிம், சாப்பாடுன்னு செலவு ஆரம்பிக்குது. ஐபிஎல்லயும் சீசனுக்கு முன்னாடியே அடிபட்டு வராம போனா அந்த சம்பளம் கிடையாது, இந்தியா கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்கு போர்டு பாத்துக்கும், மத்தவன் என்ன பண்ணுவான்?

என்ன பண்ணுவான்னா, மறைப்பான். நான் கோவப்படுறதே இதுக்குத்தான். வலிக்குதுன்னு சொன்னா இந்த மேட்ச் போச்சு, இடம் போச்சு, அடுத்த பையன் வந்து அஞ்சு விக்கெட் எடுத்துட்டா மொத்தமா போச்சு. அதனால சொல்ல மாட்டான். பிசியோ கேட்டாலும் நல்லாருக்கேன் சார்னுவான். மாத்திரை போட்டுக்குவான், முடியலன்னா வெளியில எங்கயாவது போய் ஊசி போட்டுக்குவான். எங்க ஏரியா தம்பி ஒருத்தன் சென்னை லீக்ல நல்ல வேகமா போட்டுட்டு இருந்தான், ஒரு சீசன் முழுக்க முதுகு வலியோடவே போட்டிருக்கான், யாருக்கும் தெரியாது, அவங்க அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், ராத்திரி தைலம் தேச்சு விடுறது அவங்கதானே. கடைசியில ஸ்கேன் எடுத்தப்போ ரெண்டு பக்கமும் உடைஞ்சிருந்துச்சு. ஏன்டா சொல்லலன்னு கேட்டேன், "சொன்னா யாரு அண்ணா காசு குடுப்பா"ன்னான். அவன் ஆடின கிளப்ல இருந்து ஒருத்தர்கூட வந்து பாக்கல. இப்போ ஒரு மொபைல் கடையில வேலை பாக்குறான்.

இதுல நம்ம பங்கும் இருக்கு, ரசிகர்களா. 2002 ஆன்டிகுவாவுல கும்ப்ளே உடைஞ்ச தாடையில கட்டு போட்டுக்கிட்டு வந்து லாராவை எல்பிடபிள்யூல அவுட் ஆக்கினதை இன்னைக்கும் ரீல்ஸா போட்டு சிலிர்க்குறோம். 2025ல பண்ட் மான்செஸ்டர்ல பாதம் உடைஞ்சு நொண்டிக்கிட்டே பேட்டிங் வந்தாரு, ஓவல்ல இங்கிலாந்து பவுலர் வோக்ஸ் தோள் கழண்டு போயி ஸ்வெட்டருக்குள்ள கையைக் கட்டிக்கிட்டு ஒத்தக் கையில மட்டையோட இறங்கினாரு. நானும் எழுந்து நின்னு கைதட்டினேன், அந்த துணிச்சலுக்கு மரியாதை குடுக்காம இருக்க முடியாது. ஆனா வோக்ஸ் அதுக்கப்புறம் இங்கிலாந்துக்கு ஆடல, செப்டம்பர்லயே ரிட்டயர்மெண்ட் அறிவிச்சுட்டாரு. அந்த வீடியோவை பாத்து வளர்ற பதினாறு வயசு பையன் என்ன கத்துக்குறான்? வலிக்குதுன்னு உக்காந்தா கோழை, ஆடினா வீரன். மேல சொன்ன மாதிரி பும்ராவை நாம திட்டுறதையும் அவன்தான் படிக்கிறான். உலகத்துலயே பெஸ்ட் பவுலருக்கே இந்த பேச்சுன்னா எனக்கு என்ன மரியாதை இருக்கும்னு நினைக்க மாட்டானா?

நம்ம தமிழ்நாட்டு ஃபாஸ்ட் பவுலர் பாலாஜியை மறந்திருக்க மாட்டீங்க. 2004 பாகிஸ்தான் டூர்ல அந்த சிரிப்பும் சிக்ஸரும், பாகிஸ்தான் ரசிகர்களே கொண்டாடின ஆளு. அடுத்த வருஷம் முதுகுல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், பந்து போடுற ஆக்‌ஷனையே மாத்தி, கிட்டத்தட்ட மூணு வருஷம் கழிச்சு 2008ல சேப்பாக்கத்துல ஐபிஎல்லோட முதல் ஹாட்ரிக் எடுத்தாரு. 2012 டி20 உலகக்கோப்பையும் ஆடினாரு. ஆனா டெஸ்ட் எட்டோட நின்னு போச்சு. சின்னப்பம்பட்டி நடராஜன் கதை அதைவிட எனக்கு வலிக்கும். 2017ல ஐபிஎல் ஏலத்துல பஞ்சாப் டீம் 3 கோடிக்கு எடுத்துச்சு, ஊரே கொண்டாடுச்சு, அதுக்கப்புறம் முழங்கை, ஆபரேஷன், ரெண்டு வருஷம் ஐபிஎல்ல ஒரு மேட்ச் கூட இல்ல. 2020ல பேட்ஸ்மேன் கால்கிட்டயே விழுற யார்க்கரா போட்டு தள்ளி ஆஸ்திரேலியா போனாரு, ஒரே டூர்ல மூணு ஃபார்மட்லயும் அறிமுகம், பிரிஸ்பேன் டெஸ்ட் ஜெயிச்ச டீம்ல அவரும் ஒருத்தர். மூணு மாசத்துல முட்டி போச்சு, 2021 ஏப்ரல்ல ஆபரேஷன். இந்தியாவுக்கு அவரு ஆடினது ஒரு டெஸ்ட், ரெண்டு ஒன்டே, நாலு டி20, அவ்ளோதான். அவருக்காவது அந்த ஆபரேஷன் நேரத்துல போர்டு கூட இருந்துச்சு, அவரே நன்றி சொல்லி போட்டிருந்தாரு. சேலத்துல அவரை பாத்து டென்னிஸ் பால்ல ஆரம்பிச்சு இப்போ லீக் வரைக்கும் வந்திருக்கிற பசங்களுக்கு யாரு கூட இருக்கா?

ஆஸ்திரேலியா ஃபாஸ்ட் பவுலர் பேட் கம்மின்ஸை எடுத்துக்கோங்க. 2011 நவம்பர்ல 18 வயசுல ஜோகன்னஸ்பர்க்ல முதல் டெஸ்ட், ரெண்டாவது இன்னிங்ஸ்ல ஆறு விக்கெட், ஜெயிக்கிற ரன்னையும் அடிச்சு மேன் ஆஃப் த மேட்ச். அடுத்த டெஸ்ட் எப்போ தெரியுமா? 2017 மார்ச், ராஞ்சியில. அஞ்சு வருஷத்துக்கு மேல. குதிகால், முதுகு, திரும்ப முதுகு. அந்த நேரத்துல ஆஸ்திரேலியா போர்டு அவரை கைவிடல, கான்ட்ராக்ட்ல வச்சு, ஆக்‌ஷனை சரி பண்ணி, எலும்பு முத்துற வரைக்கும் காத்திருந்தாங்க. அங்க ஸ்டேட் டீம்ல ஆடுறவனுக்கும் வருஷ கான்ட்ராக்ட் இருக்கு. அந்தக் காத்திருப்புக்கு பலனா 2023ல உலகக்கோப்பையை நம்ம அகமதாபாத்ல வந்து தூக்கிட்டு போனாரு அதே கம்மின்ஸ். இங்க பொறந்திருந்தா இருபத்தொரு வயசுல அவருக்கு யாரு அரிசி பருப்பு வாங்கிக் குடுத்திருப்பா, சொல்லுங்க.

நம்ம ஊர்லயும் ஒரு காலத்துல இதுக்கு ஒரு வழி இருந்துச்சு, ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. சதர்ன் ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் பேங்க், ஐஓபி, போலீஸ்னு. வாலிபால், ஹாக்கி, பேஸ்கட்பால், கபடின்னு ஆடின எத்தனையோ பேரு அதை நம்பித்தான் ஆடினாங்க. முட்டி போனாலும் ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துச்சு, ஆஸ்பத்திரி வசதியும் இருந்துச்சு, அதனால நிதானமா குணமாகி வந்தாங்க, வர முடியாதவங்களுக்கும் பிழைப்பு இருந்துச்சு. இப்போ அந்த ஆள் எடுக்குறது குறைஞ்சுக்கிட்டே வருது. மாநில அரசு வேலையில 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு, நல்ல விஷயம், ஆனா அது மெடல் வாங்கினவனுக்குத்தான் முதல்ல போகும், அடிபட்டதாலயே மெடல் வரைக்கும் போக முடியாதவனுக்கு போகாது. கபடி பசங்களை நினைச்சுப் பாருங்க, ஒருத்தன் காலை ஏழு பேரு பிடிச்சு இழுக்குற ஆட்டம், முட்டி ஜவ்வு கிழியுறது அதுல ரொம்ப சாதாரணம், ஆபரேஷன் பண்ணி திரும்ப களத்துக்கு வர ஒன்பது மாசமாவது ஆகும். தனியார் ஆஸ்பத்திரின்னா லட்சத்துல செலவு. கடன் வாங்கி ஆபரேஷன் பண்ணிட்டு, பிசியோவுக்கு காசில்லாம நாலாவது மாசமே ஊர் டோர்னமெண்ட்ல இறங்குறான், அதே முட்டி திரும்ப போகுது.

கோடிக்கணக்குல டிவி உரிமை விக்கிற போர்டு, ரஞ்சி ஸ்குவாட்ல இருந்து அடிபடுற பையனுக்கு அந்த சீசன் மேட்ச் ஃபீஸ்ல பாதியாவது குடுத்தா என்ன குறைஞ்சிடும்? மேட்ச்ல, பிராக்டிஸ்ல அடிபட்டேன்னு அன்னைக்கே சொல்றவனுக்கு காசு நிக்காதுன்னு ஒரு விதி வந்தா போதும், பாதி பேரு மறைக்க மாட்டான், சீக்கிரம் ஸ்கேன் எடுப்பான், ஆறு மாசத்துல போற வலி ரெண்டு வருஷமா மாறாது. நம்ம தமிழ்நாட்டுல விளையாட்டு வீரர்களுக்கு உதவுற சாம்பியன்ஸ் அறக்கட்டளை இருக்கு, ரீஹாப் காலத்துக்கு மாசாமாசம் உதவித்தொகைன்னு அதுல தனியா ஒரு பங்கு ஒதுக்கணும்னு நான் கேக்குறேன். இதைப் படிக்கிற யாருக்காவது அங்க பேசக்கூடிய இடம் இருந்தா பேசுங்க ப்ளீஸ்.

அகாடமி நடத்துறவங்க, கோச்சிங் குடுக்குறவங்க என் லிஸ்ட்ல கொஞ்சம் பேரு இருக்கீங்க. ஒரு பையன் கீழ் முதுகுல ஒரு பக்கமா வலிக்குதுன்னு சொன்னா, பின்னாடி வளைஞ்சா அதிகமாகுதுன்னு சொன்னா, தயவுசெஞ்சு தசைப்பிடிப்புன்னு ஸ்ப்ரே அடிச்சு அனுப்பாதீங்க. பந்தை கையில இருந்து வாங்கி வைங்க, ஸ்போர்ட்ஸ் டாக்டர்கிட்ட அனுப்புங்க, எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னு வந்தாலும் எம்ஆர்ஐ தேவையான்னு கேக்கச் சொல்லுங்க. வாரத்துக்கு எத்தனை ஓவர் போடுறான்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, ஸ்கூல் மேட்ச், லீக் மேட்ச், நெட்ஸ், ஞாயித்துக்கிழமை டென்னிஸ் பால், எல்லாத்தையும் சேர்த்து. அவன் ஸ்கேனுக்கு காசில்லன்னு சொன்னா எனக்கு இன்பாக்ஸ்ல சொல்லுங்க, நாலு பேரு சேர்ந்து பாத்துக்கலாம்.